வலமும் இடமும்: மலையகத் தமிழும் கைப்பேசித் திரையும்

வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகளுக்கு ஏற்பக் கைப்பேசிச் செயலிகளின் திரையமைப்பை ஆக்குதல் பற்றிய பேச்சு எழுமிடத்து, தமிழ்க் கணினித்துறையாளர் பலரிடமிருந்து வரும் விடை ஒன்றே. அது அறபியரின் சிக்கல், எபிரேயரின் சிக்கல். இடமிருந்து வலமாக எழுதும் தமிழனுக்கு அதில் ஆவது யாது என்பதே அவ்விடை. மலையகத்தைச் சுட்டிக் கேட்பின் விடை இன்னும் சுருங்கும். அட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலை பறிப்போருக்குத் தமிழிலேயே ஒரு செயலி ஒழுங்காகக் கிடைக்காத நிலையில், அறபு எழுத்தின் திசையை எண்ணிக் கவலைப்படுவது வீண் ஆடம்பரம் என்பர். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இக்கூற்று நியாயமானதாகவே தோன்றும். ஆயின் இதனுள் மூன்று தவறான எடுகோள்கள் பொதிந்துள்ளன. வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்து மலையகத்துக்கு அந்நியமானது என்பது ஒன்று. தமிழுக்குத் திசைச் சிக்கலே இல்லை என்பது மற்றொன்று. சொற்களை மொழிபெயர்த்துவிட்டால் மொழிக்குரிய கடமை முடிந்தது என்பது மூன்றாவது. இம்மூன்றும் பிழையானவை. அப்பிழையின் விலையைத் தருவோர் செயலியை ஆக்குவோர் அல்லர் என்பதே இங்கு முதன்மையாக மனங்கொள்ளத்தக்கது.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். அறபு, எபிரேயம், பாரசீகம், உருது, மாலைதீவின் திவெகி ஆகிய மொழிகளில் எழுத்து வலப்புறம் தொடங்கி இடப்புறம் செல்லும். ஆகவே அம்மொழிகளுக்குரிய திரையில் எழுத்துகள் மட்டும் மாறினாற் போதாது. திரை முழுவதுமே கண்ணாடியில் தெரியும் உருவம்போலத் திரும்புதல் வேண்டும். பட்டியலின் படம் வலப்பக்கம் வரும். அட்டவணையின் முதற் பத்தி வலக்கோடியில் நிற்கும். முந்திய பக்கத்துக்கு மீட்கும் அம்புக்குறி வலத்தை நோக்கும். எனினும் எல்லாமே திரும்பக்கூடாது. கடிகாரத்தின் முள் எம்மொழியிலும் ஒரே திசையில்தான் சுழல்கிறது. இசையை இயக்கும் குறியும் திரும்புவதில்லை. எண்களின் இலக்கங்கள் அறபு வரியினுள்ளும் இடமிருந்து வலமாகவே எழுதப்படும். எது திரும்பவேண்டும், எது திரும்பக்கூடாது என்று பிரித்தறிவதிலேயே இத்துறையின் நுட்பம் தங்கியுள்ளது. அன்ட்ரொயிட் இயங்குதளம் 2012இல் வெளிவந்த தன் 4.2ஆம் பதிப்பில் இதற்கான முழு ஏற்பாட்டைச் செய்தது. அப்பிளின் ஐஓஎஸ் 2015இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் திரையமைப்பு முழுவதையும் திருப்பும் வசதியைத் தந்தது. இம்மாற்றத்தின் அடிப்படை மிக எளிமையானது. 'இடது', 'வலது' என்று எழுதிவந்த நிரலாளர், அவற்றின் இடத்தில் 'தொடக்கம்', 'முடிவு' என்று எழுதக் கற்றனர். தொடக்கம் எப்பக்கம் என்பதை மொழியே தீர்மானிக்கட்டும் என்பது இதன் பொருள். திரைக்கென்று சொந்தமான ஒரு திசை இல்லை, திசை படிப்போனுக்கே உரியது என்னும் உண்மையை இச்சிறு சொன்மாற்றம் ஏற்றுக்கொண்டது.

இனி, அட்டனுக்கும் அறபு எழுத்துக்கும் தொடர்பில்லை என்னும் கூற்றை நோக்குவோம். கடந்த நான்கு தசாப்தங்களுக்கு மேலாக இலங்கையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களுள் தோட்டத்துப் பெண்களும் உளர். வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென ஒரு பணியகத்தை நிறுவுவதற்கு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தேவைப்பட்டது என்பதே இப்பெயர்ச்சியின் அளவை உணர்த்தும். பொகவந்தலாவையிலோ டிக்கோயாவிலோ லயத்து அறையை விட்டுச் செல்லும் ஒரு பெண்ணின் வாழ்வு, அவள் எந்நாளும் கற்றிராத ஓர் எழுத்தின் ஆட்சிக்குள் ஒரே நாளில் புகுகிறது. அவளது ஒப்பந்தம் அறபில் உள்ளது. சவூதி அரேபியாவில் வீட்டுப் பணியாளரை அமர்த்துதல் முசானத் என்னும் அரச தளத்தின் வழியாகவே நடைபெறுகிறது. சம்பளம், விடுமுறை, முறைப்பாடு ஆகியனவெல்லாம் திரையிலேயே பதிவாகும் காலம் இது.

இத்தகைய திரையொன்று அறபுச் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் தமிழாக்கித் தருகிறது என்று கொள்வோம். வலத்தை நோக்கும் அம்பு அறபியருக்கு 'மீள்க' என்று பொருள்படும். தமிழ் படிப்பவளுக்கு அதுவே 'மேற்செல்க' என்று பொருள்படும். ஒப்பந்தம் தொடங்கும் நாள் வலப்பத்தியிலும் முடியும் நாள் இடப்பத்தியிலும் நிற்க, இடமிருந்து படிப்பவள் முடிவையே முதலிற் காண்பாள். '1200 - 1500' என்று உள்ளிட்ட சம்பள எல்லை திரையில் '1500 - 1200' என்று தோன்றும். அறபு வாசகருக்கு அது வலமிருந்து நேராகவே படிக்கப்படும், அவளுக்கோ தலைகீழாகும். வீட்டாருடன் பேச அவள் குறித்துவைத்திருக்கும் தொலைபேசி எண்ணின் கதி இன்னும் மோசமானது. +94 51 என்று தொடங்கும் அட்டன் எண்ணை, இடைவெளி விட்ட துண்டுகளாக, பாதுகாப்பின்றி அறபு வரியில் இட்டால், ஒவ்வொரு துண்டினுள்ளும் இலக்கங்கள் ஒழுங்காக இருக்கத் துண்டுகளின் வரிசை மட்டும் புரண்டுவிடும். நாட்டுக் குறியீடு வலக்கோடிக்குச் செல்ல, எண்ணின் கடைத்துண்டு முன்னே வந்து நிற்கும். இதனைத் தடுக்கும் வழி அறியப்படாத ஒன்றன்று. வேற்றுத்திசை எழுத்தைத் தனிமைப்படுத்திக் காக்கும் குறிகளை யுனிகோட் 2013இல் வெளியிட்ட 6.3ஆம் பதிப்பிலேயே சேர்த்துவிட்டது. அக்குறியை இட மறந்த நிரலாளனுக்கு அது ஒரு சிறு வழு. தோட்டத்தில் இருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்க விழையும் தாய்க்கு அது சிறு வழு அன்று.

இவ்வெழுத்துத் திசை தமிழர்க்குப் புதியதும் அன்று. அறபு எழுத்துக்களுக்குப் புள்ளிகளைக் கூட்டித் தமிழின் ஒலிகளை எழுதிய அறபுத்தமிழ், தமிழகத்துக் கரையோர ஊர்களிலும் இலங்கையிலும் முஸ்லிம் மக்களின் கல்விக்கும் சமய இலக்கியத்துக்கும் நெடுங்காலம் பயன்பட்டது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இம்மரபின் பெரும் புலவராவார். இதே திசையிற் செல்லும் யாவி எழுத்தில் அமைந்த 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய் இதழ் 1869இல் கொழும்பிலேயே வெளிவந்தது. இடமிருந்து வலம் செல்வதே இந்நாட்டின் இயல்பு, மற்றையது வெளியார் வழக்கு என்று கொள்வது வரலாற்றை அறியாமையின்பாற் படும். தமிழ்மொழியே இருதிசையிலும் எழுதப்பட்ட மொழி என்பதைத் தமிழ் மாணவர் மறத்தல் தகாது.

இரண்டாவது எடுகோள், தமிழின் இன்றைய எழுத்துமுறையில் திசைச் சிக்கல் இல்லை என்பது. இதனை மறுக்கத் தோட்டத்தைத் தாண்டிச் செல்லவேண்டியதில்லை. 'தேயிலை' என்னும் சொல்லே போதும். அதன் முதலெழுத்தில் தகரமெய் முன்னும் ஏகாரம் பின்னும் ஒலிக்கின்றன. எழுதும்போதோ ஏகாரத்தின் இரட்டைக்கொம்பு தகரத்துக்கு முன்னே, இடப்புறம் நிற்கிறது. இறுதி எழுத்திலும் அவ்வாறே. ஐகாரக் குறி லகரத்துக்கு முன்னே வருகிறது. 'கொழுந்து' என்பதில் நிலை மேலும் சிக்கலானது. ககரத்தின் பின் ஒலிக்கும் ஒகரம் எழுத்தில் இரண்டாகப் பிளந்து, ஒரு கூறு முன்னும் ஒரு கூறு பின்னுமாக ககரத்தை அணைத்து நிற்கிறது. கணினியின் நினைவகத்தில் இவை ஒலிக்கும் வரிசையில் இருக்க, திரையில் மட்டும் எழுதும் வரிசைக்கு மாற்றப்படுகின்றன. நினைவில் உள்ள வரிசை வேறு, கண்ணுக்குத் தெரியும் வரிசை வேறு. இரண்டையும் பிரித்துப் போற்றவேண்டும் என்னும் கோட்பாடே அறபைத் திரையில் ஏற்றுவதற்கும் அடிப்படை. ஒரே கோட்பாட்டின் இரு வெளிப்பாடுகள் இவை. அதனை மதியாத மென்பொருளில் அறபு தலைகீழாகிறது. தமிழின் கொம்பு மெய்க்குப் பின்னே சென்று புள்ளிவட்டத்தின் மேல் அநாதையாக நிற்கிறது. தேயிலை என்றுகூட எழுத இயலாத திரையைக் கண்டு சினந்த தமிழர், அதே நோயால் வருந்தும் அறபியரைப் பார்த்து 'அது உங்கள் சிக்கல்' என்பது அறியாமை மட்டுமன்று, தன்னலத்துக்கே கேடுமாகும்.

மொழிபெயர்ப்பே போதும் என்னும் மூன்றாவது எடுகோளே மூன்றினுள்ளும் பெரிதும் பரவியது. தீமையும் அதனாலேயே மிகுதி. பெரும்பாலான செயலிகள் ஆங்கிலத்தில் வரையப்படுகின்றன. பொத்தானின் அகலம் ஆங்கிலச் சொல்லின் அகலம். வரியின் உயரம் ஆங்கில எழுத்தின் உயரம். எல்லாம் முடிந்த பின்னர் தமிழ்ச் சொற்கள் அடங்கிய பட்டியலொன்று கொணர்ந்து அப்பெட்டிகளில் அடைக்கப்படுகிறது. அடங்காத பகுதி வெட்டப்பட்டு மூன்று புள்ளிகள் இடப்படும். தமிழில் அடைமொழி முன்னும் தலைமைச்சொல் பின்னும் வருவதாலும், வினையின் உடன்பாடும் எதிர்மறையும் சொல்லின் இறுதியிலேயே வெளிப்படுவதாலும், வெட்டப்படுவது எப்போதும் சொல்லின் உயிர்நிலையாகவே அமைந்துவிடுகிறது. 'சம்பளக் கொடுப்பனவு', 'சம்பளக் கழிவு' என்னும் இரண்டும் வெட்டுண்டபின் 'சம்பளக்…' என்றே நிற்கும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியும் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியமும் 'ஊழியர்…' என்ற ஒரே பெயரைப் பெறும். ஆங்கிலமோ தலைப்பெழுத்துகளால் இவ்விடரைத் தாண்டிவிடுகிறது. 'உடன்படுகிறேன்', 'உடன்படவில்லை' என்னும் இரு பொத்தான்களும் 'உடன்ப…' என்று நின்றால், தொழிலாளி எதற்கு உடன்பட்டாள் என்பதைச் சட்டம் எவ்வாறு துணியும்? இங்கு ஒரு சொல்லும் தவறாக மொழிபெயர்க்கப்படவில்லை. மொழிபெயர்ப்பாளர் குற்றமற்றவர், சட்டகமே குற்றவாளி.

இது வெறுங் கற்பனை என்று ஒதுக்கிவிடலாகாது. 2022இல் எரிபொருட் பங்கீடு கியூஆர் குறியீட்டின் வழியே நடந்தபோது, பங்கினைப் பெறுவதற்குத் திரையே வாயிலாயிற்று. கொழுந்து நிறுக்கும் தராசு சில தோட்டங்களில் இலத்திரனியலுக்கு மாறிவிட்டது. பிரட்டுக்களத்தில் பேர் பதிதலும், முழுப் பேரா அரைப் பேரா என்னும் தீர்ப்பும், மாத முடிவிற் சம்பளத்திலிருந்து வெட்டப்படும் தொகைகளும் செக்ரோல் ஏட்டிலிருந்து திரைக்குச் செல்லும் நாள் தொலைவில் இல்லை. ஏட்டைக் காட்டுமாறு கணக்கப்பிள்ளையிடம் கேட்கும் துணிவு தொழிற்சங்கப் போராட்டங்களாற் பெறப்பட்டது. அறைகுறையாக வெட்டுண்ட சொற்களைக் காட்டும் திரையிடம் எவர் போய்க் கேட்பது?

மலையக மக்களின் வரலாற்றை ஒரு கோணத்திலிருந்து நோக்கின், அது பிறர் வரைந்த சட்டகத்தினுள் மனிதரை அடைத்த வரலாறாகவே தோன்றும். லயம் முதலிற் கட்டப்பட்டது. குடும்பம் பின்னரே அதனுள் புகுந்தது. குடும்பத்தின் அளவு லயத்து அறையை மாற்றியதில்லை. அறையின் அளவே குடும்பத்தின் வாழ்வை மாற்றியது. 1921இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய துண்டு முறையில், தொழிலாளியின் கடனைக் குறித்த ஒரு தாளே அவன் ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் செல்லலாமா என்பதைத் தீர்மானித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின், பாட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் இடையறாத வதிவுக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அப்படிவத்தின் கட்டங்கள் வேறொரு வாழ்க்கையை மனத்திற்கொண்டு வரையப்பட்டவை. பிறப்புப் பதிவும் காணியுறுதியும் இல்லாத மக்களின் வாழ்வு அவற்றில் அடங்கவில்லை. அடங்காதது வெட்டப்பட்டது. எஞ்சியோருக்கு வழிவகுக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு படிவத்தின் அமைப்பு அரசியலற்றது என்று கூறுவோர் இவ்வரலாற்றை ஒருமுறை படித்தல் நலம்.

மொழியுரிமையின் கதையும் இதனின் வேறன்று. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. இன்று சட்டத்தின் ஏட்டில் தமிழுக்கு இடமுண்டு. ஆயின் சட்டத்தில் இடம் பெற்ற மொழி, திரையில் நான்கு எழுத்துக்கும் மூன்று புள்ளிக்கும் சுருங்குமாயின், அவ்வுரிமை எங்கே பயன்படுவது? பாராளுமன்றத்தில் வென்றதைப் பொத்தானின் அகலத்தில் இழப்பது விந்தையிலும் விந்தை.

எதிர்த்தரப்பார் இதற்கு மேலும் சில வாதங்களை முன்வைப்பர். பயனாளர் சிறுதொகையினர், செலவு பெரிது என்பது அவற்றுள் ஒன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 8,39,504 பேர். இலங்கைத் தமிழர் எனத் தம்மைப் பதிந்துகொண்ட மலையகத்தாரையுஞ் சேர்ப்பின் தொகை இதனினும் கூடும். அண்டையில் உள்ள மாலைதீவின் மக்கள் ஐந்து இலட்சம் அளவினரே. அவர்களது தானா எழுத்து, வலமிருந்து இடம் செல்வதாயிருந்தும், 1999இல் வெளிவந்த யுனிகோட் 3.0 பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. தொகையின் சிறுமை தடையன்று, கேட்போரின் உறுதியின்மையே தடை என்பதற்கு இதனினும் அண்மையான சான்று வேண்டியதில்லை.

செலவு பற்றிய கணக்கும் பிழையானதே. 'தொடக்கம்', 'முடிவு' என்று முதல் நாளிலேயே எழுதுவதற்கும் 'இடது', 'வலது' என்று எழுதுவதற்கும் உழைப்பில் வேறுபாடு சிறிதும் இல்லை. அகலத்தைச் சொல்லின் நீளத்துக்கேற்ப விரியவிடுவதற்கும் அவ்வாறே. நூறு பக்கங்கள் எழுதி முடித்த பின்னர் ஒவ்வொன்றையும் திறந்து திருத்தும்போதுதான் செலவு பெருகுகிறது. ஆகவே 'முதலில் ஆங்கிலத்தில் முடிப்போம், மற்றவற்றைப் பின்னர்ப் பார்ப்போம்' என்பதே மிகுந்த செலவுடைய வழி. செலவை வரவழைத்தவர்களே அச்செலவைக் காட்டிப் பிறமொழியாளருக்குக் கதவடைப்பது முறையாகாது.

தோட்டத்து இளைஞர் ஆங்கிலம் கற்றுக்கொண்டால் சிக்கல் தீரும் என்பது இன்னொரு வாதம். ஆங்கிலக் கல்வி வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆனால் தன் சம்பளக் கழிவை அறிவதற்கு ஒருத்தி வேற்றுமொழி கற்றாக வேண்டும் என்பது கல்வியின் வேண்டுகோள் அன்று, அதிகாரத்தின் கட்டளை. ஐம்பது வயதில் மலையேறிக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அக்கட்டளையை இடுவோர், தம் நிரலில் ஒரு சொல்லை மாற்ற மறுப்பவர்களாக இருப்பது கவனத்துக்குரியது.

தமிழ்ப்பற்றின் பெயரால் எழும் வாதமும் ஒன்றுண்டு. தமிழுக்கே இடமில்லாதபோது அறபுக்கு ஏன் வாதாடவேண்டும் என்று கேட்பர். இடம் ஒரு மொழி பெற்றால் மறுமொழி இழக்கும் பொருள் என்று எண்ணுவதால் வரும் மயக்கம் இது. இருதிசைக்கும் இசைந்து நிற்கும் சட்டகம், நீண்ட சொல்லுக்கும் உயர்ந்த எழுத்துக்கும் இசைந்து நிற்கக் கற்றுவிடுகிறது. அறபில் திருப்பிப் பார்க்கும்போது வெளிப்படும் குறைகளுட் பல, தமிழிலும் மறைந்திருந்த குறைகளே. தமிழைக் காக்க வேறு வழி தேடுவோர், அறபுக்கு நீதி செய்தலே குறுக்குவழி என்பதைக் காண்பாராக.

ஆகவே கோரிக்கை தெளிவானது. பேராதனையிலும் மொறட்டுவையிலும் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் கணினியியல் கற்கும் மாணவர், முதலாண்டிலேயே இடது வலது என்பதை விடுத்துத் தொடக்கம் முடிவு என்று எழுதப் பழகல் வேண்டும். தாம் ஆக்கும் ஒவ்வொரு திரையையும் மிக நீண்ட தமிழ்ச் சொல்லைக் கொண்டும், வலமிருந்து இடமாகத் திருப்பியும் சோதித்த பின்னரே அது நிறைவுற்றது எனக் கொள்ளல் வேண்டும். எண்ணும் பெயரும் வேற்றுத்திசை வரியிற் சிதையாதவாறு காக்கப்படுதல் வேண்டும். உடன்பாட்டையும் மறுப்பையும் குறிக்கும் சொற்கள் எந்நிலையிலும் வெட்டப்படலாகாது. தமிழ்த்துறையினர் சொல்லாக்கத்தோடு தம் பணி முடிந்தது என்று அமையாது, அச்சொல் அமரும் இடத்தையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். தோட்டத்துக்கெனச் செயலி ஆக்குவோர், அதனைக் கொழும்பு அலுவலகத்தில் அன்று, பிரட்டுக்களத்தில் அதனைப் பயன்படுத்துவோர் கையிற் கொடுத்துப் பார்த்தல் வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ளன அத்தோட்டங்கள். அவற்றின் லயங்களிலிருந்து வந்த மாணவர் இன்று விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் பாட்டன்மார் பிறர் வரைந்த படிவத்தில் அடங்காது வெளியே நின்றவர்கள். இன்றைய படிவங்களை வரையும் கோல் அப்பேரப்பிள்ளைகளின் கையிலும் உள்ளது. அதனை அவர்கள் பழைய அளவிலேயே வரைவார்களாயின், குற்றத்தைச் சுமத்துவதற்கு இம்முறை துரைமார் இருக்கமாட்டார்கள்.